மைப்படியும் மாணாக்கரும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரின் முன்னே பள்ளிப் பிள்ளைகளை அமர்த்தி, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஊர்ச்சபையினரைத் தேர்ந்த குடவோலை முறையைக் கூறும் சாசனங்களைப் பற்றி உபந்நியாசம் செய்வதைக் காட்டிலும், கல்வெட்டு மைப்படி எடுக்கும் வித்தையை அவர்கள் கண்ணெதிரே செய்து காட்டுவதே உத்தமமென்பது என் அபிப்பிராயம். கல்லைத் துடைத்து, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் படியும்வரை தூரிகையால் பொறுமையாகத் தட்டி, ஈரம் சற்றே உலர்ந்தபின் மையை மெல்ல மெல்ல ஒற்றிவருகையில், கரிய பரப்பினின்று வெள்ளெழுத்துகள் ஒவ்வொன்றாய்ப் பிரத்தியட்சமாகும் காட்சி, எந்தப் பாடபுஸ்தகத்துக்கும் வாய்க்காத பாக்கியம். (புராதனச் சுவரில் மை கசியாதிருக்கத் தேர்ந்த கைகளே அதைச் செய்யவேண்டும்; பிள்ளைகள் பார்த்தால் போதும்.) 'க'வையும் 'ட'வையும் தானே இனங்கண்ட ஒரு சிறுமி, 35 வயது நிரம்பாதவர் பெயர் குடத்தில் இடப்படாதென்ற 921ஆம் ஆண்டுச் சாசன விதியைக் கேட்டவுடன், பெண்கள் பெயர் இடப்பட்டதா என்று வினவுவாள்; அவளோடு அமர்ந்து சாசனத்தின் சொற்களிலேயே விடையைத் தேடும் ஆசிரியரை நான் பெரிதும் மதிக்கிறேன்.