தன யோகமும் தோட்டக் கூலியும்

ஜோதிடத்துக்காகப் பேசுகிறவர்கள் இப்போது ஒரு வாதத்தை விரும்பிச் சொல்கிறார்கள். ‘நீ பணக்காரன் ஆவாய்’ என்று ஜாதகம் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லையாம். யோகம் அவரவர் பிறப்புக்கும் சூழலுக்கும் ஏற்றபடிதான் வேலை செய்யுமாம். அரண்மனையில் பிறந்தவனுக்கு நாட்டைத் தரும் யோகமே குடிசையில் பிறந்தவனுக்குக் குறைவில்லாத சோற்றைத் தரும் என்கிறார்கள். தேசம், காலம், பாத்திரம் அறிந்து பலன் சொல்ல வேண்டும் என்பது சாஸ்திரம் அதற்குத் தரும் ஆதாரம். கேட்க அடக்கமாக இருக்கிறது. கல்லையும் தகட்டையும் விற்கிறவர்களிடமிருந்து ஜோதிடத்தை மீட்பது போலவும் இருக்கிறது. ஆனால் பணத்தைப் பற்றிப் பேசும் தகுதியை ஜோதிடம் இழப்பது சரியாக இந்த வாதத்தில்தான் என்பது என் நெடுநாள் எண்ணம்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், எங்கள் சுங்கை பாக்காப், வால்டோர், நிபோங் திபால் வட்டாரத்தில் ஒரு காலத்தில் பெரும்பாலும் கல்யாணப் பொருத்தத்துக்கே ஜாதகத்தை எடுத்தார்கள். இன்று பணக் கேள்வியே முதலில் வருகிறது. கடன் எப்போது அடையும், வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கலாமா, வீட்டுக்கு முன்பணம் கட்டலாமா என்று கேட்கிறார்கள். பெயர்ச்சிப் பலன்கள் கைத்தொலைபேசியில் வந்து விழுகின்றன. சித்திரை பிறந்ததும் பஞ்சாங்கத்தில் ராசிவாரியாக ஆதாயமும் விரயமும் பார்க்கப்படுகின்றன. மக்களின் கவலை உண்மையானது. அதற்குக் கிடைக்கும் பதிலைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பணத்தை ஒரே பொருளாகப் பார்க்காமல் பிரித்துப் பார்த்த அறிவு இந்த முறைக்கு உண்டு. இரண்டாம் இடம் கையிருப்பு, பதினொன்று வரவு, பன்னிரண்டு செலவு, ஆறு கடன், எட்டு எதிர்பாராமல் வரும் சொத்து, ஐந்தும் ஒன்பதும் பூர்வ புண்ணியமும் பாக்கியமும் என்ற பகுப்பு கூர்மையானது. வருகிற பணமும் தங்குகிற பணமும் வேறு என்பதை எத்தனையோ குடும்பங்கள் ஜோதிடர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டிருக்கின்றன. குடும்பத்தின் வரவு செலவை வெட்கப்படாமல் பேசுவதற்கு நம் மக்களுக்கு வாய்த்த சில இடங்களில் ஜோதிடரின் திண்ணையும் ஒன்று.

வழக்கமாக எடுத்துக்காட்டப்படும் பிழைகளை நான் பெரிதுபடுத்தப் போவதில்லை. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29-இல் சனி மீனத்துக்குப் போய்விட்டது. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில், பெயர்ச்சி 2026-இல்தான் என்று அறிவித்தது. இங்கே பிறந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1982 ஜனவரி 1-இல் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. இன்று பினாங்கின் கடிகார நேரம், சூரியனைக் கொண்டு கணக்கிடும் உள்ளூர் நேரத்தைவிட ஏறக்குறைய 78 நிமிடம் முந்தியிருக்கிறது. ஒரு லக்னம் சுமார் இரண்டு மணி நேரமே நிற்கும். ஆண்டையும் ஊரையும் பார்க்காமல் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தைக் கொண்டு கணித்த பழைய ஜாதகத்தில் லக்னமே மாறியிருக்கலாம். லக்னம் மாறினால் தன ஸ்தானமான இரண்டாம் இடமும் மாறும். ஆனாலும் இவை திருத்தக்கூடிய பிழைகள். கவனமான ஜோதிடர் திருத்திக்கொள்வார். திருத்தவே முடியாதது வேறொன்று.

பணக் கேள்வியோடு ஒரு ஜோதிடர் முன் உட்காருங்கள். கட்டத்தைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்கத் தொடங்குவார். என்ன வேலை? தொழிற்சாலையா, அரசாங்கமா? அப்பா என்ன செய்தார்? வீடு சொந்தமா, வாடகையா? மனைவியும் வேலைக்குப் போகிறாரா? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகே இரண்டாம் அதிபதி வாய் திறக்கிறார். பத்து காவான் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக இருப்பவருக்கு லாபாதிபதி தசை சூப்பர்வைசர் பதவியைத் தரும். அதே தசை குத்தகைக்காரருக்குப் புதிய குத்தகையைத் தரும், டாக்டருக்குச் சொந்தக் கிளினிக்கைத் தரும். மூன்று பலனிலும் கிரகம் சொன்னது ‘கூடும்’ என்பது மட்டுமே. எந்த நிலையிலிருந்து கூடும், எவ்வளவு கூடும், எதுவரை கூடும் என்பதெல்லாம் வந்தவர் சொன்ன பதிலிலிருந்து எடுக்கப்பட்டவை. தேச கால பாத்திரம் என்ற விதியின் உண்மையான வேலை இதுதான். வந்தவர் தட்டில் வைத்ததை எடுத்து, கிரகத்தின் பெயரைச் சூட்டி அவரிடமே திருப்பிக் கொடுக்கிறது.

நிபோங் திபால் பக்கத்துக் கலிடோனியா தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிமிடத்தில் துரை பங்களாவில் ஒரு குழந்தையும் தொழிலாளர் லயத்தில் ஒரு குழந்தையும் பிறந்தன என்று வைத்துக்கொள்வோம். லக்னம் ஒன்று, நவாம்சம் ஒன்று, தசா இருப்பும் ஒன்று. ஒரு குழந்தைக்கு அந்த யோகம் லண்டனில் பங்குகளாகப் பலிக்கும். மற்றதற்குக் கங்காணி வேலையாகப் பலிக்கும். இரண்டும் யோகம் பலித்த கதைகளே என்று சாஸ்திரம் சொல்லிவிடும். இரண்டு வாழ்க்கைக்கும் இடையே கிடக்கும் தூரத்தை வைத்தது எது? நிலப் பட்டா, கம்பெனிப் பத்திரம், பள்ளிக்கூடம், தோல் நிறம், கூலி விகிதம். பணத்தைப் பற்றி ஒருவர் அறிய வேண்டியதெல்லாம் அந்தத் தூரத்துக்குள் அடங்கிவிட்டது. ஜாதகம் அதற்கு வெளியே நிற்கிறது.

பாத்திரத்தை, அதாவது பலன் கேட்கும் ஆளை, மறைத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதும் சோதிக்கப்பட்டிருக்கிறது. வானியலாளர் ஜயந்த் நார்லிகர் புணேயில் நடத்திய சோதனையில் 27 ஜோதிடர்கள் பங்கேற்றார்கள். ஆளுக்கு 40 ஜாதகங்கள் தரப்பட்டன. கல்வியில் சிறந்த பிள்ளை எது, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளை எது என்று சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னதில் சரியானது 46 விழுக்காடு. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் 50 வந்திருக்கும். செல்வத்தைவிடத் தெளிவாகத் தெரிய வேண்டிய வேறுபாடு அது. எதிரே ஆள் இல்லாதபோது கட்டமும் பேசவில்லை.

யோகங்களின் பட்டியலும் இதே கதைதான். சந்திரனுக்கு 1, 4, 7, 10-ஆம் இடங்களில் குரு நின்றால் கஜகேசரி. பன்னிரண்டு ராசிகளில் நான்கு என்றால், பிறக்கும் மூவரில் ஏறத்தாழ ஒருவருக்கு அது உண்டு. குருவின் பலம், அஸ்தமனம் என்று நிபந்தனைகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறைத்தாலும் ஒவ்வொரு லயத்திலும் சிலருக்காவது அது இருந்திருக்க வேண்டும். சந்திரனுக்கு இருபுறமும் கிரகம் இல்லாவிட்டால் கேமத்துருமம். அரச குமாரனையும் வறியவனாக்கும் என்பார்கள். கேந்திரத்தில் ஒரு கிரகம் இருந்தால் அதற்குப் பங்கம் உண்டு. நீசத்துக்கு நீசபங்கம். மறைவிட அதிபதிகள் மறைந்தால் விபரீத ராஜயோகம். ஏழையிடம் தோஷத்தையும் செல்வந்தரிடம் பங்கத்தையும் காட்ட எல்லா ஜாதகத்திலும் இடம் இருக்கிறது. எந்த வாழ்க்கைக்கும் பொருந்தும்படி தைத்த சட்டை யாருடைய அளவையும் சொல்லாது.

இதை நான் ஏட்டளவில் பேசவில்லை. எங்கள் மண்ணின் வரலாறு இதற்குச் சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கள் வட்டாரம் அடங்கிய செபராங் பிறையின் தென்பகுதி கரும்புத் தோட்டமாக இருந்தது. கீ லாய் ஹுவாட் போன்ற தியோச்சு சீன முதலாளிகளும் ஆங்கிலக் கம்பெனிகளும் அந்தக் கரும்பில் செல்வரானார்கள். வெட்டுவதற்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். 1910-இல் ஒப்பந்த முறைக்கு ஆள் சேர்ப்பது நின்றது. கரும்பு போய் ரப்பர் வந்தது, பின்னர் செம்பனையும் வந்தது. இத்தனை மாற்றத்திலும் கூலியைத் தீர்மானித்தவை ரப்பரின் சந்தை விலை, முதலாளிமார் சங்கம், அரசாங்கம் அமைத்த குடியேற்றக் குழு ஆகியவை. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. விடியுமுன் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்றவர்களில் பன்னிரண்டு லக்னக்காரர்களும் இருந்திருப்பார்கள். உச்ச குருவும் நீச குருவும் அதே வரிசையில் நின்று, அதே நாட்கூலியை வாங்கினார்கள். 1930-களின் மந்தத்தில் கூலி வெட்டப்பட்டபோது எல்லாருக்கும் வெட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் யாருடைய தன ஸ்தானமும் அந்த வெட்டைத் தடுக்கவில்லை.

பிற்காலத்துக்கு வந்தாலும் மாற்றமில்லை. 1982-இல் தொடங்கிய முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸில் ஏறத்தாழ 66,000 இந்தியர்கள் 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். தோட்டத் தொழிலாளர்கள் நகையை அடகு வைத்தும் போட்டார்கள். 2010-இல் அந்த ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தர ஒரு தனியார் நிறுவனம் முன்வந்ததே பெரிய மீட்பாகத் தெரிந்தது. கொரோனா காலத்தில் ஊழியர் சேமநிதியிலிருந்து 81 லட்சம் பேர் 14,500 கோடி வெள்ளியை எடுத்தார்கள். இத்தனை பேரின் விரயாதிபதியும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டார் என்று யாரும் சொல்ல முடியாது. நாட்டின் ஜாதகம் தனிமனித ஜாதகத்தை மீறும் என்று ஜோதிடர் பதில் சொல்வார். அப்படியானால் சந்தையும் அரசும் முதலாளியும் தீர்மானிக்கும் வேளையில், அதாவது பணம் உண்மையாகவே வந்து போகும் வேளையில், தனிமனித ஜாதகத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

பயனில்லாததோடு நின்றிருந்தால் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். ஊருக்கே நேர்ந்த இழப்பை ஒரு தனி மனிதனின் பிறப்புக் குறையாக இந்த முறை மாற்றிவிடுகிறது. என் கோபம் அதன் மேல்தான். உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் கடன் வாங்கி வட்டியில் மூழ்கியவரிடம் ‘ஆறாம் அதிபதி தசை, இன்னும் இரண்டு வருஷம் பொறுங்கள்’ என்று சொல்வது அந்த இரண்டு வருடமும் வட்டி ஏறுவதற்கு இடம் கொடுப்பதாகும். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே கட்டணமில்லாமல் கடனை ஒழுங்குபடுத்தித் தருகிறது. பரிகாரமாகப் புஷ்பராகக் கல் வாங்கப் பணம் தேடுகிற வீடுகளில் எத்தனை வீடு அந்தக் கதவைத் தட்டியிருக்கும்? சம்பளம் ஏன் குறைவு என்று முதலாளியிடமும் தொழிற்சங்கத்திடமும் கேட்க வேண்டியவர், தன் தாய் எந்த நேரத்தில் தன்னைப் பெற்றாள் என்ற கணக்கில் விடை தேடுகிறார். இதைவிடப் பெரிய அநியாயத்தை ஏழைக்கு எந்தச் சாஸ்திரமும் செய்ய முடியாது.

ஆறுதலாவது கிடைக்கிறதே என்பார்கள். பொறுக்கச் சொல்லும் ஆறுதலைத் தோட்ட மக்கள் மூன்று தலைமுறையாகக் கேட்டுவிட்டார்கள். அதில் லாபம் கண்டவர் எப்போதும் வேறு யாரோ. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஜாதகம் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பணத்தைப் பற்றிப் பலன் சொல்ல விரும்பும் ஜோதிடர், வந்தவரின் வேலையையும் வீட்டையும் தகப்பனாரையும் கேட்காமல், கட்டத்தை மட்டும் பார்த்து அவருடைய மாத வருமானத்தையும் கடனையும் எழுதிக் காட்டட்டும். அது முடியாதென்றால், வந்தவர் சொல்லும் கதையே தன் பலனுக்கு ஆதாரம் என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கதையைக் கொண்டு உண்மையிலேயே ஏதாவது செய்யக்கூடியவர்களிடம் மக்கள் அதைச் சொல்லிக்கொள்வார்கள்.