குண்டும் வெடிகுண்டும்

வரலாற்று நூல்களை மொழிபெயர்ப்போர் இறைமை, குடியரசு போன்ற பெரிய சொற்களிடம் மிகுந்த எச்சரிக்கையோடு நடந்துகொள்கின்றனர். இடறி விழுவது சிறிய சொற்களில்தான். பீரங்கியிலிருந்து புறப்படும் இரும்பு உருண்டையைக் குறிக்கும் சொல் அத்தகையது. மைசூர்ப் போர்களைப் பற்றி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த எழுத்துகளில் அது 'வெடிகுண்டு' ஆகிவிடுவதைக் காண்கிறோம். இதனை அற்பப் பிழையென்று தள்ளிவிட நமக்கு மனமில்லை.

அக்காலக் களப்பீரங்கிகள் பெரும்பாலும் எறிந்தது திண்மையான இரும்பு உருண்டையை. அது வெடிப்பதில்லை. நிலத்தில் பட்டுத் துள்ளி, எதிரே நின்ற மனிதரையும் குதிரையையும் ஊடறுத்துச் செல்லும். உள்ளே மருந்து நிரப்பி வெடிக்கச் செய்யும் உருண்டை வேறு. அதனை எறிந்த குட்டையான பீரங்கிகளும் வேறு.

பிற மொழிகள் இப்பொருளைப் பார்த்த விதம் சுவையானது. உருதுவில் பீரங்கி எறிவது கோலா, துப்பாக்கி எறிவது கோலீ. இரண்டும் உருண்டைகளே, அளவுதான் வேறு. துருக்கியில் 'தோப்' என்றால் பந்து. பீரங்கிக்கும் அதுவே பெயர். அச்சொல் உருதுவுக்கு வந்தபோது பந்தை இழந்து பீரங்கியாக மட்டும் நின்றுவிட்டது. பாபர் தம் நினைவுக்குறிப்புகளில் பீரங்கி எறிவதைக் 'கல்' என்றே எழுதுகிறார். அரபியோ வடிவத்தை விட்டுச் செயலைப் பற்றிக்கொண்டது. தள்ளுதல் என்னும் வேரிலிருந்து பீரங்கிக்கு 'மித்ஃபஃ'. எறிதல் என்னும் வேரிலிருந்து அது எறியும் பொருளுக்குக் 'கதீஃபா'. மூஸா நபியின் அன்னை தம் மகவைப் பேழையில் இடுமாறு பணிக்கப்படும் தாஹா அத்தியாய வசனத்தில் வரும் வினையும் இவ்வேரினதே. ஈழத்தமிழர் போர்க்காலத்தில் வழங்கிய 'எறிகணை' என்பதும் இதே வழியில் சிந்தித்த சொல். வெடிப்பதற்கு அரபியில் 'குன்புலா' என்று தனிச்சொல் இருக்கிறது.

தமிழின் 'பீரங்கி'யில் கருவி அயலானது. ஐரோப்பியனைக் குறித்த 'ஃபிரங்கி' என்னும் பாரசீகச் சொல்லே அது. ஹைதர் அலியின் சொந்தப் பீரங்கியும் இப்படிப் பறங்கியன் பெயரைத்தான் சுமக்கிறது. குண்டோ நம்முடையது, நம்முடையது மட்டுமன்று, தெலுங்கரதுங்கூட. 1960 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த திருத்தணியில் இச்சொல்லின் இயல்பான பொருளை இன்றும் கேட்கலாம். மலைக்கோயிலில் முடி காணிக்கை செலுத்தி இறங்குபவரின் தலையைத் தமிழர் மொட்டை என்பர். தெலுங்கர் 'குண்டு' என்பர். பாறை உருண்டையும் அவர்களுக்குக் குண்டு, பீரங்கி உருண்டையும் குண்டு. தமிழிலும் குண்டூசி, குண்டுமல்லி எல்லாம் திரண்ட வடிவத்தையே சொல்கின்றன. வெடிப்பு இச்சொல்லின் பிறவிக்குணமன்று.

இந்த வட்டாரத்தையே போர்க்களமாகக் கொண்ட வரலாற்றில்தான் பிழை உறுத்துகிறது. திருத்தணிக்கு மேற்கே சோளிங்கரில் 1781 செப்டம்பர் 27 அன்று ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதினர். அதற்கு முந்தைய ஆண்டு, தெற்கே காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அன்று வெடித்தவை ஆங்கிலேயரின் சொந்த வெடிமருந்து வண்டிகள். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியத்தில் அவ்வெடிப்பை இன்றும் பார்க்கலாம். மைசூர்ப் படையின் மற்றொரு கருவியான வாணம் தனி வகை. பாய்ந்த குண்டு, பறந்த வாணம், வெடித்த வண்டி ஆகிய மூன்றையும் 'வெடிகுண்டு' என்ற ஒரே சொல்லில் கொட்டிவிட்டால், போர் எப்படி வெல்லப்பட்டது என்பதே வாசகனுக்கு விளங்காமல் போகிறது.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் இக்கட்டுரை எழுதுவதில் பொருளில்லை. 1998இன் கோவைக்குப் பிறகு தமிழ்நாட்டில் 'வெடிகுண்டு' வெறும் படைக்கலப் பெயராக இல்லை. ஒரு சமூகத்தின் பெயரருகே வைத்தே அது வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. கூட்டின் படை 'பீரங்கி முழக்க', ஹைதரின் படை 'வெடிகுண்டு வீச' என்று ஒரே பக்கத்தில் எழுதப்படுமானால், பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்வீரன்மீது இருபதாம் நூற்றாண்டின் சந்தேகம் பூசப்பட்டுவிடும். மொழிபெயர்ப்பாளருக்கு உள்நோக்கம் கற்பிக்க நாம் முற்படவில்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்ளும் அவசரமே பெரும்பாலும் காரணம். ஆனால் காயம் நோக்கத்தைக் கேட்டு ஏற்படுவதில்லை.

திருத்தமோ எளிது. திண்மையான உருண்டைக்குப் 'பீரங்கிக் குண்டு'. மருந்துள்ள உருண்டை மூலநூலில் வருமிடத்தில் மட்டும் 'வெடிகுண்டு'. புதுச்சொல் படைக்கவேண்டிய தேவையே இல்லை. விளையாட்டுத் திடல் இவ்வேறுபாட்டை மறக்கவேயில்லை. அதே இரும்பு உருண்டையைத் துருக்கியர் 'குல்லே' என்றும், இந்தியில் 'கோலா' என்றும், அரபியர் 'ஜுல்லா' என்றும் சொல்லி எறிகின்றனர். தமிழ்நாட்டுப் பள்ளி விளையாட்டு விழாக்களில் அது குண்டு எறிதல். ஒலிபெருக்கியில் எவரும் அதனை வெடிகுண்டு எறிதல் என்று அறிவித்ததாக நாம் கேட்டதில்லை.