ஒரே அளவுகோல், இரு வழக்கு: ஆஸ்திரேலியப் பள்ளியிறுதித் தேர்வில் தமிழ்

முன்னுரை

ஆஸ்திரேலியாவின் 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் வீட்டுமொழியாகத் தமிழைப் பேசுவோர் 95,000 பேருக்கும் மேற்பட்டவர். அவர்களுட் பெரும்பாலோர் வாழும் மாநிலங்கள் நியூ சவுத் வேல்சும் விக்டோரியாவும் ஆகும். சிட்னியின் பாலர் மலர், வென்ட்வொர்த்வில் தமிழ்க் கல்வி நிலையம் முதலிய வார இறுதிப் பள்ளிகள் பேணிவரும் மொழிக்கல்வி, எச்.எஸ்.சி., வி.சி.இ. ஆகிய பள்ளியிறுதித் தேர்வுகளில் தமிழ் ஒரு பாடமாக இடம்பெறுவதால் அரசேற்பும் பெற்றுள்ளது. தமிழில் பெறும் மதிப்பெண் பல்கலைக்கழக நுழைவுத் தரவரிசையிலும் கணக்கிடப்படுகிறது. எனவே, தேர்வு அளக்கும் தரமும் வகுப்பறை பயிற்றும் தரமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பது மாணவரின் எதிர்காலத்தைத் தொடும் வினாவாகும்.

தேர்வின் கட்டமைப்பு

கற்போர் தொகை குறைந்த மொழிகளுக்கென மாநிலங்கள் கூட்டாக வகுத்த பாடத்திட்ட, மதிப்பீட்டுக் கட்டமைப்பின்கீழ்த் தமிழ்ப் பாடநெறி அமைந்துள்ளது. கருத்துப் பரிமாற்றம், சொந்தமாக எழுதுதலும் பேசுதலும், பனுவல்களைப் பகுத்துணர்ந்து எதிர்வினையாற்றல், மொழியையும் பண்பாட்டையும் விளங்கிக்கொள்ளல் என்னும் நான்கு நோக்கங்கள் அதற்குண்டு. எழுத்துத் தேர்வு கேட்டல், வாசித்தல், எழுதுதல் ஆகிய திறன்களை அளக்கிறது. வாய்மொழித் தேர்வு பொது உரையாடலையும், மாணவர் தேர்ந்து ஆழமாகக் கற்ற பொருள் பற்றிய கலந்துரையாடலையும் உள்ளடக்கியது. வி.சி.இ. தேர்வில் பள்ளிசார் மதிப்பீட்டுக்கு 50 விழுக்காடும், எழுத்துத் தேர்வுக்கு 37.5 விழுக்காடும், வாய்மொழித் தேர்வுக்கு 12.5 விழுக்காடும் ஒதுக்கப்பட்டுள்ளன.

மனப்பாடத்தை விடுத்து மொழிப் பயன்பாட்டை அளப்பது இக்கட்டமைப்பின் சிறப்பு. யாருக்கு, எதற்காக, எவ்வடிவில் எழுதப்படுகிறது என்பதையறிந்து எழுதும் மாணவரே இதில் மேம்படுவர். ஆயின், திருக்குறள் மனனம், சொல்வதெழுதல், இலக்கண வினாவிடை ஆகியவற்றையே தேர்ச்சியின் அடையாளமாகக் கொள்ளும் வகுப்பறையிலிருந்து வரும் மாணவருக்கு இத்தேர்வு அயலானதாகவே தோன்றும். நியூ சவுத் வேல்சில் பத்தாம் வகுப்பு வரைக்குமான தமிழ்ப் பாடத்திட்டம் வகுக்கப்பட்டிருப்பது இவ்விடைவெளியை நிரப்பக்கூடியது. வார இறுதிப் பள்ளிகள் தம் பாடநூல்களையும் ஆண்டுத் தேர்வுகளையும் அதன் அடைவுகளுக்கேற்ப மாற்றியமைத்தாலன்றி அத்திட்டத்தின் பயன் முழுமை பெறாது.

அளவுகோலின் குறை

குறை வகுப்பறையில் மட்டுமன்று, அளவுகோலிலும் உண்டு. இக்கட்டமைப்பு பல மொழிகளுக்கும் பொதுவானது. தமிழோ எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பெரிதும் வேறுபட்ட மொழி. வாய்மொழித் தேர்வில் சொற்களும் தொடரமைப்பும் வழுவின்றி அமைதல் வேண்டும் என்னும்போது, அவ்வழுவின்மை எவ்வழக்கிற்கு உரியது? எழுத்துத் தமிழில் ஒப்புவிப்பவர் உரையாடலின் இயல்பை இழக்கிறார். வீட்டுத் தமிழில் பேசுபவர் தம் மொழி வழுவெனக் கொள்ளப்படுமோ என அஞ்சுகிறார். யாழ்ப்பாணத்து மரபில் வளர்ந்த மாணவர் ‘ஓம், கதைக்கிறனான்’ என்பதும், சென்னைக் குடும்பத்து மாணவர் ‘ஆமா, பேசுவேன்’ என்பதும் ஒரே தகுதியுடைய விடைகளே. இதனை அளவுகோல் வெளிப்படையாகக் கூறாதவிடத்து, தீர்ப்பு தேர்வாளரின் செவிப்பழக்கத்தைச் சார்ந்துவிடும்.

மற்றொரு குறை பாடநெறி ஒன்றேயாதல். நியூ சவுத் வேல்சில் சீனம், ஜப்பானியம், கொரியம், இந்தோனேசியம் ஆகிய மொழிகளுக்குக் கற்போரின் மொழிப் பின்புலத்திற்கேற்பப் பல படிநிலைகள் உள்ளன. தமிழுக்கோ, அண்மையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரும் சிட்னியில் பிறந்து ஆங்கிலத்தையே வீட்டுமொழியாகக் கொண்டவரும் ஒரே தேர்வை எழுதும் நிலை உள்ளது. மாணவர் தொகை சிறிதாதலின் தனித்தனிப் பாடநெறிகளை உடனடியாக எதிர்பார்த்தல் அரிது. எனினும், தமிழைப் பிற்காலத்தில் கற்கத் தொடங்கியவர் இத்தேர்வை அஞ்சி விலகுவராயின், அச்சிறு தொகையும் மேலும் சுருங்கும்.

சிங்கப்பூர் தரும் முன்மாதிரி

தமிழ்ப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் மறுஆய்வு செய்த சிங்கப்பூர்க் குழு, தரமான பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்க 2005இல் பரிந்துரைத்தது. எழுத்துத் தமிழின் மதிப்பைக் குறைக்காமலே பேச்சுத் தமிழையும் கல்விப் பொருளாக ஏற்கவியலும் என்பதற்கு அது சான்று. ஒரு வேறுபாடு கருதத்தக்கது: ஆஸ்திரேலியாவில் ஈழத்து மரபும் தமிழக மரபும் அருகருகே வாழ்கின்றன. ஆகவே ஒரு பேச்சு வழக்கைத் தரமாக நிறுவுவதினும், இரண்டையும் ஏற்கும் அளவுகோலை வகுப்பதே இங்கு நேரியது.

முடிவுரை

இருவகைப் பேச்சு வழக்குக்கும் உரிய மாதிரி உரையாடல்களை மதிப்பெண் விளக்கத்தோடு வெளியிடல், எழுத்துக்கும் பேச்சுக்கும் வேறுவேறான வழுவின்மை விளக்கங்களை வகுத்தல், வார இறுதிப் பள்ளிகளின் மதிப்பீட்டைப் பத்தாம் வகுப்பு வரைக்குமான அடைவுகளோடு இணைத்தல் ஆகியன உடனடியாகச் செய்யத்தக்கவை. இவற்றுக்குப் புதிய தேர்வு வேண்டியதில்லை. உள்ள தேர்வைத் தமிழின் இயல்புக்கேற்பத் தெளிவுபடுத்தினாற் போதும். வீட்டில் பெற்ற மொழியைத் தேர்வறையின் வாயிலில் விட்டுச்செல்லுமாறு மாணவரைத் தூண்டும் தரம், எத்துணை உயர்ந்ததாயினும், அம்மொழியைத் தலைமுறை கடந்து வாழச்செய்யாது.