வெயிலா, காற்றா?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்க்கத்தான் போகிறேன். ஜனவரி முதல் வாரத்தில் தில்லியில் நான்கு இரவு தங்கினேன். முதல் இரண்டு இரவு ஐந்து நட்சத்திர ஓட்டலில். கருத்தரங்கு நடத்தியவர்கள் செலவு. அடுத்த இரண்டு இரவு கரோல் பாகில் ஒரு லாட்ஜில், என் செலவு. ‘தில்லியைப் பார்க்காமலே கண்ணை மூடிடுவேன் போல’ என்று வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருந்த அம்மாவும் கூட வந்தாள். அவளுக்கு 74 வயது, இளைப்பு வேறு உண்டு. ஓட்டலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே நான் கண்ட குறைகள் அந்த ஒரு கட்டடத்தோடு முடிந்துவிடுபவையும் அல்ல.

ஓட்டல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் லாபியின் பூ அலங்காரத்தில் தொடங்கித் தலையணையின் மென்மையில் முடிப்பார்கள். பூவும் தலையணையும் சென்னையிலும் அதே, தில்லியிலும் அதே. குளிர்காலத்தில் ஒரு நகரத்தில் விலையுயர்ந்த அறை எடுப்பதற்கு நியாயம் இருக்கிறதா என்று பார்க்க வேறு அளவுகோல் வேண்டும். அந்தப் பருவத்தில் அந்த ஊர் தன் மக்களுக்குக் கொடுக்க முடியாத எதை இந்த ஓட்டல் கொடுக்கிறது? அதற்குத்தான் காசு. மற்றதெல்லாம் ஜோடனை.

தில்லிக்குக் கொடுக்க முடியாதவை இரண்டு. ஒன்று சூடு, மற்றொன்று சுவாசிக்கத் தக்க காற்று.

சூட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் தில்லியின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பம் 7 டிகிரியை ஒட்டி இருக்கும். சமவெளியில் அது 4 டிகிரிக்கு இறங்கினால் வானிலைத் துறை குளிர் அலை என்று அறிவிக்கும். மாஸ்கோக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் மாஸ்கோவில் வீடு குளிருக்காகக் கட்டப்பட்டது. தில்லியில் மே மாதத்துக்காகக் கட்டப்பட்டது. மொசைக் தரை, உயரமான கூரை, இடுக்கு விட்ட ஜன்னல், வெப்பத்தைப் பிடித்துவைக்காத ஒற்றைச் சுவர். கோடையில் உயிரைக் காப்பாற்றும் அதே வீடு ஜனவரியில் கல்லறை மாதிரி சில்லிட்டுக் கிடக்கும். மதியம் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குள் இருப்பதைவிடத் தெருவில் நிற்பது இதமாக இருக்கும். அதனால்தான் தில்லிக்காரர்கள் கமலாப்பழத்தையும் வேர்க்கடலையையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுகிறார்கள்.

இந்த ஊரில் நட்சத்திர ஓட்டல் அறைக்குள் முதல் அடி வைத்ததும் அம்மா செய்த காரியம், சாக்ஸைக் கழற்றி வெறுங்காலோடு நடந்து பார்த்தது. குளியலறைத் தரை வரைக்கும் போய்த் தொட்டுவிட்டு வந்து, ‘இங்கேயும் சுடலை, குளிரவும் இல்லடீ’ என்றாள். ஹீட்டர் வைத்த அறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஹீட்டர் முழங்காலைச் சுடும், முதுகை மறந்துவிடும். இங்கே சுவர், தரை, துண்டு, நாற்காலிக் கை எல்லாம் ஒரே இதத்தில் இருந்தன. இந்த ஒன்றில் ஓட்டலுக்கு முழு மதிப்பெண் போடத் தயாராக இருந்தேன், இரவு இரண்டு மணி வரை.

இரண்டு மணிக்கு வியர்த்து விழித்தேன். தெர்மோஸ்டாட்டில் 21 வைத்தேன், பிறகு 18 வைத்தேன். எண் இறங்கியது, அறை இறங்கவில்லை. ஃபோன் செய்ததும் ஐந்தே நிமிடத்தில் சாம்பல் நிறச் சீருடையில் ஒருவர் வந்தார். கூரை மூலையில் இருந்த மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ‘பைப் ரெண்டுதான் மேடம்’ என்று இந்தியில் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஓட்டலின் ஜாதகமே இருக்கிறது. பெரிய கட்டடங்களில் ஒவ்வொரு அறைக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் போகும். விசிறி அந்தக் குழாய்ச் சுருளின் மேல் காற்றை ஊதி அறைக்குள் தள்ளும். இரண்டு குழாய் அமைப்பில் ஒன்று வரத்து, ஒன்று போக்கு. கோடையில் மொத்தக் கட்டடத்துக்கும் குளிர்ந்த நீர், குளிர்காலத்தில் மொத்தக் கட்டடத்துக்கும் சுடுநீர். பருவத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள், அவ்வளவுதான். ஒரே இரவில் ஒருவருக்குச் சூடும் அடுத்த அறைக்காரருக்குக் குளிர்ச்சியும் கொடுக்க வேண்டுமானால் நான்கு குழாய் வேண்டும், செலவு கூடுதல். பழைய கட்டடத்தில் பின்னால் நுழைப்பதற்குச் சுவரையெல்லாம் உடைக்க வேண்டும். ஆக, பகல் முழுக்க வெயில் வாங்கிய மேற்குப் பக்கத்து அறையில் இருப்பவர் இரவில் வேக வேண்டியதுதான். முன்பதிவு செய்யும்போது தலையணை எத்தனை வகை என்று சொல்கிறார்கள்; குழாய் எத்தனை என்று யாரும் சொல்வதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரிசப்ஷனில் விழிப்பார்கள், ‘இன்ஜினியரிங்கில் கேட்டுச் சொல்லுங்கள்’ என்றால் பதில் கிடைக்கும்.

சூட்டோடு சேர்ந்து வரும் இன்னொரு தொல்லை வறட்சி. பனிமூட்டக் காற்று ஈரம் சொட்டுவது போலத் தெரியும். 8 டிகிரியில் ஈரம் நிறைந்திருக்கும் அதே காற்றை உள்ளே இழுத்து 24 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 36 சதவீதமாக இறங்கிவிடும். தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. சூடான காற்றின் தாகம் கூடிவிடுகிறது. விடியும்போது எங்கள் இருவருக்கும் தொண்டை காய்ந்து, உதடு வெடித்து, கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று மின்சாரம். அம்மா யாரையும் கேட்கவில்லை. குளித்த துண்டைப் பிழியாமல் நாற்காலி முதுகில் விரித்துப் போட்டாள். மறுநாள் தொண்டை சரியாக இருந்தது. இவ்வளவு பணம் வாங்குகிற இடத்தில் ஈரப்பதத்தை ஒரு துண்டு பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பதைக் குறையாகவே எழுதுகிறேன்.

இனிக் காற்று. இதில்தான் தில்லியின் புதிய சொகுசு இருக்கிறது. 1965இல் திறந்த ஒபராய் ஓட்டல், ஏறக்குறைய இரண்டு ஆண்டு மூடிக் கிடந்து புதுப்பிக்கப்பட்டு 2018 ஜனவரியில் மறுபடி திறந்தபோது, அறையின் அழகுக்கு இணையாகப் பேசப்பட்டது உள்ளே சுத்திகரித்த காற்று என்பதே. பளிங்கும் பட்டுத் திரையும் விற்ற தொழில் மூச்சை விற்கத் தொடங்கியது. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. இளைப்பு உள்ளவரோடு பயணம் செய்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

ஆனால் விற்கிற பொருளை அளந்து பார்க்க வேண்டும். கருத்தரங்குக்கு வந்த நண்பரிடம் கையடக்கமான நுண்துகள் மானி ஒன்று இருந்தது. இரவல் வாங்கிக்கொண்டு ஓட்டல் முழுக்கச் சுற்றினேன். வாசலில் மூன்று இலக்கம். அறையில் இரண்டு இலக்கம். லாபியில் மறுபடி மூன்று இலக்கம், வாசலைவிடக் கொஞ்சம்தான் குறைவு. காரணம் கண்ணுக்கு எதிரே இருந்தது. மாலையில் ஏதோ நிச்சயதார்த்த விருந்து. சுழல்கதவுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய கதவை நிரந்தரமாகத் திறந்து வைத்திருந்தார்கள். எத்தனை உயர்ந்த வடிகட்டி வைத்தாலும் கதவைத் திறந்து வைத்தால் தெருக்காற்றுதான். சுத்தமான காற்றை அறைக்குள் மட்டும் தருகிற ஓட்டலில் நாளின் பாதி நேரம் நீங்கள் தெருவில்தான் இருக்கிறீர்கள்.

இன்னொன்று. ‘உட்புறக் காற்று: நன்று’ என்று பச்சை எழுத்தில் ஒரு திரை. எந்த அளவுகோலில் நன்று? நம் நாட்டுக் காற்றுத் தரக் குறியீட்டில் பிஎம் 2.5 நுண்துகள் கனமீட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை ‘நன்று’. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டுதலில் ஒரு நாளின் சராசரி 15க்கு மேல் போகக் கூடாது. இரண்டு மடங்கு வித்தியாசத்தைப் பச்சை நிறம் மூடிவிடுகிறது. திரையில் சொல்லுக்குப் பதில் எண்ணைப் போடச் சொல்லலாம். எண் போடுகிற ஓட்டலை நான் கூடுதலாக நம்புவேன்.

இங்கே ஒரு முரண் எழுகிறது. தில்லிக் குளிர்காலத்தின் மிகப் பெரிய சுகம் அறைக்குள் இல்லை; காலை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை புல்வெளியில் விழுகிற வெயிலில் இருக்கிறது. தில்லியின் பழைய ஓட்டல்களுக்கு இது தெரிந்திருந்தது. 1930களில் எழுந்த ஜன்பத் இம்பீரியலில் பனைமரங்கள் அணிவகுத்த பாதையும் புல்தரையும் கட்டடத்துக்குச் சமமான முக்கியத்துவம் பெற்றவை. 1956 நவம்பரில் தொடங்கிய யுனெஸ்கோ பொது மாநாட்டுக்காகக் கட்டிய அசோக் ஓட்டலிலும் விருந்தினர் வெளியே உலாவ இடத்தைத் தாராளமாக விட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து விருந்தினர் குளிர்கால வெயிலுக்காகவே தில்லிக்கு வந்தவர். இன்றைய ஓட்டல் அவரைக் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. புல்வெளியில் உட்கார்ந்தால் புகை. உள்ளே உட்கார்ந்தால் வெயில் இல்லை. இரண்டையும் சேர்த்துத் தரும் ஓட்டல் தில்லியில் இருக்க முடியாது. அது ஓட்டலின் குற்றமும் அல்ல. ஆனால் விலையை மட்டும் இரண்டும் கிடைப்பது போலப் போடுகிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இட்லியைத் தவிர. குளிரில் மாவு புளிக்காது. தில்லித் தமிழ் வீடுகளில் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைப்பார்கள், ஓவனுக்குள் விளக்கைப் போட்டு உள்ளே தள்ளுவார்கள், வெந்தயத்தைக் கூட்டுவார்கள். ஆர்.கே. புரம் மலை மந்திர் பக்கம் குடியிருக்கும் என் அத்தை, ஜனவரியில் மாவு பொங்கினால் பக்கத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்புவாள். ரொட்டி மாவைப் பொங்க வைக்க வெதுவெதுப்பான அலமாரியே வைத்திருக்கும் ஓட்டல் சமையலறைக்கு இந்தச் சாக்கு செல்லாது. அங்கே வந்த இட்லி, அமுக்கினால் அமுங்கிய இடத்திலேயே நின்றது. குரோசான் மட்டும் பிரமாதமாகப் பொங்கியிருந்தது. எந்த மாவுக்கு அலமாரி என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

விலைக்கு வருவோம். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் ஜனவரி என்றால் ஓட்டல்காரர் விலையைக் குறைத்துக் கூப்பிடுவார். தில்லியில் அக்டோபர் முதல் மார்ச் வரைதான் வெளிநாட்டுப் பயணிகளின் பருவம். பொங்கல் கழிந்ததும் கல்யாணப் பருவமும் சேர்ந்துகொள்ளும். ஆக, சூடும் காற்றும் மிகவும் தேவைப்படும் நாட்களில்தான் அவை மிகவும் விலை கூடியவை. 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி.

லாட்ஜில் என்ன இருந்தது? இரும்புக் கட்டில், தூக்கினால் கை வலிக்கும் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை இரண்டு, 15 லிட்டர் கீசர். ஒரு வாளி நிறைந்து அடுத்த வாளி பாதி ஆகும்போது தண்ணீர் பச்சையாகிவிடும். வாடகைக்கு ஒரு எண்ணெய் ஹீட்டர் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரவு ரஜாய்க்குள் புகுந்து அரை மணி நேரம் ஆனதும், சொல்ல வெட்கமாக இருந்தாலும், ஓட்டலைவிட நன்றாகத் தூங்கினேன். காலையில் மெட்ரோ பிடித்து லோதி தோட்டம். கல்லறை மாடங்களுக்கு நடுவே புல்லில் வெயில். நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசலில் தணலில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை நறுக்கி, எலுமிச்சையும் மசாலாவும் பிசிறி, இலைத் தொன்னையில் கொடுத்தார்கள். அம்மா அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள். ராத்திரி முழுக்க இருமினாள்.

அந்த இருமலை வைத்துத்தான் தீர்ப்பு. குளிருக்காக மட்டும் நட்சத்திர ஓட்டலில் பணம் போடுவது வீண். அந்த வேலையை ரஜாயும் ஹீட்டரும் பத்தில் ஒரு பங்குச் செலவில் செய்துவிடும். சாப்பாட்டுக்காக என்றால் அதைவிட வீண். காற்றுக்காக என்றால் நியாயம் உண்டு, மூன்று நிபந்தனையோடு: கூட வருபவர் குழந்தையாகவோ முதியவராகவோ நுரையீரல் நோயாளியாகவோ இருக்க வேண்டும்; தங்குவது நவம்பர் தொடக்கத்துக்கும் ஜனவரி இறுதிக்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும்; அறைக்குள் எண் என்ன என்பதை ஓட்டல் எழுத்தில் சொல்ல வேண்டும். இவை இல்லாதவர் லாட்ஜில் தூங்கி வெயிலில் உட்காரட்டும். பிப்ரவரி பாதிக்கு மேல் போகிறவருக்கு எந்த ஓட்டலையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்போது தில்லியே போதும். நான் தங்கிய ஓட்டல் மூன்றாவது நிபந்தனையில் தவறியது. என் காசில் அங்கே திரும்பப் போக மாட்டேன்.

கடைசி நாள் விடிகாலை நாலரை மணிக்கு டாக்ஸி. எதிர்ப்பக்கக் கட்டடம் தெரியாத பனி. லாட்ஜ் காவலாளி ஒரு தகர டப்பாவில் அட்டைப்பெட்டியையும் மரத்துண்டையும் போட்டு எரித்துக்கொண்டிருந்தார். காற்று மாசு கூடும் நாட்களில் இப்படி எரிக்காமலிருக்கக் காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் கொடுக்க வேண்டும் என்பது அரசின் விதி. அவரிடம் ஹீட்டர் இல்லை, செருகுவதற்குத் தெருவில் பிளக்கும் இல்லை. முந்தைய ஓட்டலின் மதில் ஓரத்திலும் இதே மாதிரி இரண்டு டப்பாக்களைப் பார்த்திருந்தேன்; அந்தப் புகையையும் சேர்த்துத்தான் உள்ளே வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் பெட்டிகளை ஏற்றும் வரை அம்மா டப்பாவுக்கு அருகே போய் நின்று இரண்டு கையையும் நீட்டினாள். காவலாளி நகர்ந்து இடம் விட்டார், ‘பைட்டோ மாஜி’ என்று தன் ஸ்டூலைத் தள்ளினார்.

‘இப்பதாண்டீ கை கையா இருக்கு’ என்றாள் அம்மா. மஹிபால்பூர் தாண்டி விமான நிலையம் வரும்வரை காரில் இருமிக்கொண்டே வந்தாள்.