நாங்குநேரியில் நிற்காத பஸ்

கொரோனா காலத்தில் எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார்.

2021-ல் பிளஸ் டூ தேர்வு ரத்தானது. மார்க் எப்படிப் போடுவது? பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30. ஆயிரம் பேர் ஆயிரம் குறை சொன்னார்கள். ஆனால், பரீட்சை நடக்கவில்லை என்பதற்காக யாரும் அந்த வருஷத்தைத் தொலைக்கவில்லை. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகள் தள்ளிப் போயின. அதே வருஷம் செப்டம்பரில், நேரடி நியமனத்துக்கான உச்ச வயது வரம்பை 2 வருஷம் கூட்டியது தமிழக அரசு. நியாயம்தானே? பரீட்சையே வைக்கலை, வயசு மட்டும் ஏறிக்கிட்டே போனா அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணும்?

இதே கேள்வியைக் கையில் ஒரு கால்பந்தை வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

நாங்குநேரிப் பக்கம் ஓர் உடற்கல்வி ஆசிரியரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பேர் வேண்டாம் என்றார்.

“2020 மார்ச்சுல எங்கிட்ட பிளஸ் ஒன் பயலுவ நல்லா ஒரு டீமா செட் ஆகி இருந்தானுவ அண்ணாச்சி. அடுத்த வருஷம் குறுவட்டம் நமக்குத்தான், மாவட்டத்துலயும் ஒரு கை பாத்துருவோம்னு இருந்தேன். ஸ்கூல் தொறந்ததே ஜனவரில. தொறந்ததும் பாடத்த முடிங்கன்னுட்டாவ. அதுக்குள்ள ரெண்டாவது அலை. பயலுவ டி.சி. வாங்கிட்டுப் போயிட்டானுவ. பந்து பீரோவுக்குள்ள கெடந்து காத்து எறங்கிப் போச்சு.”

“இப்ப என்ன பண்றாங்க?”

“ஒருத்தன் லாரில போறான். ரெண்டு பேரு திருப்பூரு. கோல்கீப்பர் பய மட்டும் அப்பப்போ போன் போடுவான். ‘சார், எனக்கு சர்டிபிகேட் எதாவது தேறுமா’ன்னு கேப்பான். நான் என்னத்தச் சொல்ல?”

அந்த ஒரு வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. சர்டிபிகேட்.

நகரத்தில் உட்கார்ந்து டி.வி.யில் மேட்ச் பார்க்கிற நமக்குக் கால்பந்து ஒரு பொழுதுபோக்கு. நாங்குநேரி, களக்காடு, திசையன்விளைப் பக்கத்துப் பையனுக்கு அது வேலைக்கான மனு. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க வேண்டுமானால், மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருக்க வேண்டும். அல்லது பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில். அல்லது மாநிலப் பள்ளிகள் அணிக்காகத் தேசியப் பள்ளி விளையாட்டுகளில். தமிழக அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரித்துறை என்று சென்னை லீக்கில் ஆடிய அணிகளின் பெயரைப் பாருங்கள். எல்லாம் ஆபீஸ். அந்த ஜெர்சிக்குள் புகுந்தவன் வீட்டில் அதற்குப் பிறகு மாதச் சம்பளம். குறுவட்டத்தில் ஆரம்பித்து வருவாய் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏறுகிற அந்த ஏணியில், முதல் படியை 2020-ல் கழற்றினார்கள். கழற்றியது சரி. உயிர் முக்கியம். 2021 மே மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆனால், திரும்ப மாட்டும்போது, நடுவில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்களா?

*

மேல்தட்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

2020 மார்ச் 14. கோவாவில் ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி. காலி ஸ்டேடியத்தில் நம்ம சென்னையின் அணி 1-3 என்று கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் தோற்றது. அடுத்த சீசன் நவம்பரிலேயே தொடங்கியது. எல்லா அணிகளையும் கோவாவுக்குக் கூட்டிப்போய், ஓட்டலில் அடைத்து, டெஸ்ட் எடுத்து, டி.வி.க்காக ஆட வைத்தார்கள்.

அடுத்த படி, ஐ-லீக். 28 ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போதே நிறுத்தினார்கள். மோகன் பகான் 16 ஆட்டங்களில் 39 புள்ளிகள் எடுத்து, யாரும் எட்ட முடியாத இடத்துக்கு ஏற்கெனவே போயிருந்ததால் கோப்பை அவர்களுக்கு. மற்ற பரிசுப் பணத்தை மீதி 10 கிளப்புகளுக்கும் சமமாகப் பிரித்தார்கள். யாரையும் கீழே இறக்கவில்லை. நல்ல கணக்கு. அதற்கும் கீழே இரண்டாம் டிவிஷன். அக்டோபரில் 5 அணிகளை மட்டும் வங்காளத்துக்கு அழைத்து ஒரு குட்டிப் போட்டி வைத்து, முகமதன் ஸ்போர்ட்டிங்கை மேலே ஏற்றினார்கள். இதுவும் ஒரு கணக்கு.

அதோடு கணக்கு நோட்டை மூடிவிட்டார்கள். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியின் 2019-20 இறுதிச் சுற்று ஐஸ்வாலில் நடப்பதாக இருந்தது. ரத்து. 2020-21 சீசன் நடக்கவே இல்லை. அடுத்த இறுதிச் சுற்று மலப்புரத்தில் முடிந்தது 2022 மே மாதம்.

நெல்லை - நாகர்கோவில் பஸ்கள் மேல் நாங்குநேரிக்காரர்களுக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. நான்கு வழிச்சாலை வந்தாலும் வந்தது, பல பஸ்கள் ஊருக்குள் நுழையாமல் பைபாஸிலேயே பறந்துவிடும். ‘நாங்குநேரி ஏறாதே’ என்று கண்டக்டர் சொல்வதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. கால்பந்துக்கு நிவாரணம் ஏற்றி வந்த பஸ்ஸும் அப்படித்தான். கோவாவில் நின்றது, கொல்கத்தாவில் நின்றது. நாங்குநேரிக்கு இறங்குகிறவர்கள் யாரும் இல்லை என்று அதுவே முடிவு செய்துகொண்டது.

*

‘ஊர் உலகம் பூரா இதே கதைதானே சார்’ என்பீர்கள். பாதி சரி.

கால்பந்தைக் கண்டுபிடித்த இங்கிலாந்திலும் அடிமட்டத்துக்குத்தான் அடி பலம். கீழ் டிவிஷன்களில் 2019-20 சீசனையே ‘நடக்கவில்லை’ என்று அழித்துவிட்டார்கள். ஜெர்சி புல்ஸ் என்று ஒரு புது கிளப். 27 ஆட்டம், 27 வெற்றி! அத்தனையும் அழிந்தது. மூன்றாம் டிவிஷனில் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று சராசரி போட்டு, டிரான்மியர் ரோவர்ஸைக் கீழே தள்ளினார்கள். மேலே இருந்த அணிக்கும் அவர்களுக்கும் 3 புள்ளிதான் வித்தியாசம். கையில் ஓர் ஆட்டம் கூடுதலாகவும் இருந்தது. மேக்கிள்ஸ்ஃபீல்டு டவுன் கிளப்பை 5 லட்சம் பவுண்டுக்கு மேல் கடன் என்று 2020 செப்டம்பரில் நீதிமன்றமே இழுத்து மூடியது. பிறகு வேறு ஒருவர் வாங்கி, புதுப் பெயரில் அடிமட்டத்திலிருந்து ஆரம்பித்தார்.

ஆனால், அங்கே சண்டை நடந்தது. டிரான்மியர் தலைவர் பத்திரிகை பத்திரிகையாகப் பேசினார். 27 வெற்றிகள் அழிந்தது இங்கே இருக்கிற எனக்கே தெரிகிறதென்றால், அதை எங்கோ ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். டிசம்பரில் பணக்கார பிரீமியர் லீக் 25 கோடி பவுண்டு நிவாரணத்துக்கு ஒப்புக்கொண்டது. அதில் 5 கோடி, கடைசி இரண்டு டிவிஷன்களுக்கு. பிச்சைக்காசு என்றுகூட நீங்கள் திட்டலாம். திட்டுவதற்கு ஒரு தொகையாவது இருந்தது.

இங்கே? சென்னை சிட்டி எஃப்.சி. என்று ஒரு கிளப் ஞாபகம் இருக்கிறதா? கோவையில் ஆடியது. 2019 மார்ச்சில், ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் சாம்பியன் ஆனது. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வந்து 26 சதவீதப் பங்கு வாங்கியது. அடுத்த வருஷம் ஏ.எஃப்.சி. கோப்பையில் ஆடத் தொடங்கியபோது கொரோனா வந்து அந்தப் போட்டியே ரத்தானது. 2021-ல் ரசிகர்கள் இல்லாமல் கொல்கத்தாவில் ஆடினார்கள். அந்த வருஷக் கடைசியில், உரிம நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யவில்லை என்று லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். சாம்பியன் பட்டத்துக்கும் காணாமல் போனதற்கும் இடையே மூன்று வருஷம்கூட இல்லை. பழியைக் கொரோனா மேல் மட்டும் போட முடியாது, நிர்வாகத்திலும் ஓட்டை. ஆனால், தமிழ்நாட்டுப் பையன்கள் ஏற ஒரு பெரிய கதவாக இருந்தது அது. மூடியபோது எத்தனை பேர் சத்தம் போட்டோம்?

*

பி.காம். முதல் வருஷத்திலேயே தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். மிஷினை ஓட்டினாலும் தேயும், ஓட்டாமல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தாலும் வருஷா வருஷம் மதிப்பு குறையும். கணக்கில் கழித்தே ஆக வேண்டும். கால்பந்துக் கிளப்புகளின் நஷ்டத்தை எழுதியவர்கள் டிக்கெட் வருமானம், ஸ்பான்சர், டி.வி. உரிமை என்று எல்லாம் எழுதினார்கள். 17 வயதுப் பையனின் 17-வது வயதை எழுதவில்லை. அவனிடம் இருந்த ஒரே சொத்து அதுதான். தார்ப்பாய்க்குள்ளேயே தேய்ந்துவிட்டது.

‘வயசுக்கு யார் என்ன சார் பண்ண முடியும்?’

முடியும். செய்தும் இருக்கிறார்கள். ஒலிம்பிக்கில் ஆண்கள் கால்பந்து 23 வயதுக்குட்பட்டவர்களுக்கு. டோக்கியோ ஒலிம்பிக் ஒரு வருஷம் தள்ளிப்போனதும், 1997-ல் பிறந்தவர்கள் பாவம் என்று வரம்பை 24 ஆக்கினார்கள். ஒரே வரி. வேலை முடிந்தது.

ஆனால், அதே கால்பந்து உலகம் நம் பெண்களிடம் எப்படி நடந்துகொண்டது தெரியுமா? 17 வயதுக்குட்பட்டோர் பெண்கள் உலகக் கோப்பை 2020 நவம்பரில் இந்தியாவில் நடப்பதாக இருந்தது. 2021 பிப்ரவரிக்குத் தள்ளினார்கள். பிறகு ரத்து செய்து, ‘2022-ஐ நீங்களே நடத்துங்கள்’ என்றார்கள். இந்தியாவுக்குப் போட்டி திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால், முகாமில் பயிற்சி எடுத்த 2003, 2004-ல் பிறந்த பெண்களுக்கு? 2022-ல் வயது தாண்டிவிட்டது. சொந்த மண்ணில் உலகக் கோப்பை, வாழ்க்கையில் ஒரு முறை வருவது. டி.வி.யில் பார்த்தார்கள்.

மைதானம் திரும்பக் கிடைக்கும், கோப்பை திரும்பக் கிடைக்கும், கிளப்பைக்கூட வேறு பெயரில் திரும்ப ஆரம்பிக்கலாம். ஆடுகிறவனின் வயதை மட்டும் யாராவது வேண்டுமென்றே உட்கார்ந்து திருப்பிக் கொடுத்தால்தான் உண்டு.

தமிழ்நாட்டில் 2023 முதல் முதலமைச்சர் கோப்பை பெரிய அளவில் நடக்கிறது. பள்ளி, கல்லூரி, பொதுப் பிரிவு என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஆடுகிறார்கள். பாராட்ட வேண்டும். ஆனால், 2020-லும் 2021-லும் பள்ளியின் கடைசி வருஷத்தில் இருந்தவர்கள் அப்போது பள்ளியில் இல்லை. பலர் கல்லூரியிலும் இல்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. டி.என்.பி.எஸ்.சி.க்கு எழுதிய அந்த இரண்டு வருஷச் சலுகையை விளையாட்டு ஒதுக்கீட்டிலும் எழுதுங்கள். வயதில் மட்டுமல்ல, சான்றிதழுக்கான தகுதியிலும். ஆடாத போட்டிக்குச் சர்டிபிகேட் கொடுங்கள் என்று சொல்லவில்லை. அந்த இரண்டு பேட்ச் பையன்களுக்கு, பெண்களுக்கு மாவட்டத்துக்கு ஒரு தகுதித் தேர்வு வையுங்கள். பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்தில் இரண்டு நாள் போதும். ஜெயித்தவர்கள் தாளோடு போகட்டும். தோற்றவர்கள், ஆடித் தோற்றோம் என்ற நிம்மதியோடு போகட்டும். ஆடாமல் தோற்பது ரொம்பக் கொடுமை.

‘கொரோனாதான் போயிடுச்சே, இப்ப எதுக்கு இது?’ என்று கேட்காதீர்கள். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்.லையே நிறுத்தி வைத்தார்கள். வைரஸ் எதுவும் இல்லை. சம்மேளனத்துக்கும் லீக் நடத்தும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தத் தகராறு. வழக்கமான செப்டம்பர் வந்தது, லீக் வரவில்லை. அப்போது நாடே பேசியது, கோர்ட் வரை போனது. சீசன் நிற்பதற்கு நம் ஊரில் கிருமி தேவையில்லை. அடுத்த முறை நிற்கும்போது எதை முதலில் எண்ண வேண்டும் என்பதை இப்போதே எழுதி வைக்கலாம்.

அந்த கோல்கீப்பருக்கு இப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். இன்னும் போன் போடுகிறான். அவர் என்ன பதில் சொல்வார் என்பதை அவரால் தீர்மானிக்க முடியாது. சென்னையில் கோப்பில் கையெழுத்துப் போடுகிற ஒருவரால் முடியும்.