தாழ்த்திய பிக்கப்பும் அதன் சக்கரங்களும்

அமெரிக்காவின் செவ்ரோலெட் நிறுவனம் 1967 முதல் 1972 வரை தயாரித்த சி10 பிக்கப் வண்டியைத் தாழ்த்தி அமைப்போரின் ரசனை, மட்கார்டின் வளைவுக்கும் டயருக்கும் இடையே எஞ்சும் சிறு வெளியில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. 275/60ஆர்15 என்ற டயர்க் குறியீட்டில் முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலத்தையும், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதையும், இறுதி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டத்தையும் குறிப்பதால், டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 711 மி.மீ. எனக் கணக்கிடலாம். 245/45ஆர்20 டயரோ 728.5 மி.மீ. வருகிறது, ஆகவே வண்டியின் உயரம் 9 மி.மீ. அளவே கூடினாலும், பக்கச்சுவர் 165 மி.மீ.இலிருந்து 110 ஆகக் குறுகிவிடுகிறது. தாழ்த்திய வண்டியில் சுருள்வில்லின் அசைவு ஏற்கெனவே குறைந்திருப்பதால், சாலையின் அதிர்வைத் தாங்கும் தடித்த பக்கச்சுவரே மேலானது. அக்கால வண்டியின் உருண்டு திரண்ட தோற்றத்துக்கும், மெல்லிய டயர் சூழ்ந்த பெரிய ரிம்மைவிட அதுவே அழகாகப் பொருந்துகிறது.

1971இல் சி10 வண்டியின் சக்கர போல்ட்டுகள் ஆறிலிருந்து ஐந்தாக மாறியதால், ஆண்டறியாமல் ரிம் வாங்கலாகாது. ரிம்மின் உள்விளிம்பிலிருந்து அது ஹப்பில் பதியும் தளம் வரையுள்ள ஆழம் மிகுந்தால் சக்கரம் உள்நோக்கி நகர்ந்து சஸ்பென்ஷன் கைகளை உரசும், குறைந்தால் வெளியே பிதுங்கி மட்கார்டைத் தொடும் என்பதால், ஸ்டீயரிங்கை இரு புறமும் முழுமையாகத் திருப்பியும், சஸ்பென்ஷனை இறுதிவரை அமுக்கியும் இடைவெளியை அளந்த பின்னரே ரிம்மின் அகலம் முடிவாகிறது.