முற்பிறப்பு அறிவும் இப்பிறப்பின் கடனும்: தில்லிச் சாந்தி தேவி வழக்கும் மணிமேகலையும்

முன்னுரை

பிறப்பிற்கு முன்னும் ஒரு வாழ்வு உண்டு என்னும் நம்பிக்கை இந்தியச் சமயங்கள் பலவற்றிற்கும் பொதுவானது. அந்நம்பிக்கை இரு வினாக்களை எழுப்புகிறது. முற்பிறப்பு உண்மையா என்பது ஒன்று. உண்மையெனின் இப்பிறப்பில் செய்யத்தக்கது யாது என்பது மற்றொன்று. இருபதாம் நூற்றாண்டில் தில்லியில் எழுந்த வழக்கொன்று முதல் வினாவோடு அமைந்தது. மணிமேகலைக் காப்பியமோ இரண்டாம் வினாவையே முதன்மையாகக் கொள்கிறது. துன்புறுவோரை முன்வினைப் பயன் எனக் கூறிக் கைவிடும் போக்கிற்குக் காப்பியம் இடந்தருகிறதா என்பதை இவ்விரண்டையும் ஒப்புநோக்கி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தில்லி வழக்கு

1926இல் தில்லியில் பிறந்த சாந்தி தேவி, ஏறத்தாழ நான்கு வயதில், தாம் முன்னர் மதுராவில் கேதார்நாத் சௌபே என்பவரின் மனைவியாக வாழ்ந்து, மகப்பேற்றை அடுத்து இறந்ததாகக் கூறத் தொடங்கினார். கேதார்நாத்தின் மனைவி லுக்தி தேவி 1925இல் இறந்திருந்தார். இச்செய்தி காந்தியடிகளின் கவனத்தையும் ஈர்த்தது. லாலா தேஷ்பந்து குப்தா உள்ளிட்ட பதினைவர் குழு 1935 நவம்பரில் சிறுமியை மதுராவிற்கு அழைத்துச் சென்றது. அதன் அறிக்கை 1936இல் வெளிவந்தது.

வீட்டை அடையாளங்காட்டல், உறவினரை இனங்காணல், பணம் புதைத்த இடத்தைக் கூறல் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்பட்டன. குறித்த இடத்தில் பணம் காணப்படவில்லை. அதனைத் தாமே எடுத்துவிட்டதாகக் கேதார்நாத் பின்னர் ஒப்புக்கொண்டார் என்பர். பால்சந்த் நகாட்டா இந்தியில் எழுதி இச்சான்றுகளை ஏற்க மறுத்தார். ஏற்றோரும் மறுத்தோரும் ஒரே தளத்தில் நின்றே வாதிட்டனர். நினைவு மெய்யா, பொய்யா என்பதே இருசாரார்க்கும் வினா. அந்நினைவு 1987இல் மறைந்த அப்பெண்மணியின் வாழ்வில் என்ன கடமையை விளைத்தது என்பது வழக்கின் எல்லைக்குள் வரவில்லை.

காப்பியத்தின் நோக்கு

மணிமேகலையிலும் சான்று இல்லாமல் இல்லை. சாவக நாட்டு மன்னன் புண்ணியராசன் மணிபல்லவத்தில் தன் முற்பிறப்பை உணர்கிறான். ஆபுத்திரனாக வாழ்ந்து நீத்த தன் உடம்பின் எலும்புகளை அங்கேயே மணலுக்கடியில் காண்கிறான். மதுராவில் தேடியது புதைத்த பணம். மணிபல்லவத்தில் கண்டது புதைந்த எலும்பு. முன்னது உரிமையை நிறுவும் சான்று. பின்னது நிலையாமையை உணர்த்தும் காட்சி. எலும்பைக் கண்ட அரசனுக்கு மணிமேகலை கூறும் அறம், எல்லா உயிர்க்கும் உணவும் உடையும் உறைவிடமும் அளித்தலே என்பது ஈண்டுக் கருதத்தக்கது. மணிமேகலையின் நிலையும் இத்தகையதே. புத்த பீடிகையின்முன் தான் இராகுலன் மனைவி இலக்குமியாக இருந்ததை அறிந்தவள், பழைய உறவைத் தொடர முற்படவில்லை. அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்க்கச் செல்கிறாள்.

இவ்விடத்து ஒரு தடை எழும். உதயகுமரன் காஞ்சனன் வாளுக்கு இரையானதற்குக் காப்பியம் முன்வினையையே காரணம் காட்டுகிறது. இராகுலனாக இருந்தபோது, கால் தளர்ந்து விழுந்த மடையன் ஒருவனைச் சினந்து வெட்டிய வினையே இக்கொலையாக வந்தது என்கிறது. எனின் காஞ்சனன் குற்றமற்றவனா? கந்திற்பாவை அவ்வாறு கூறவில்லை. ஊழ்வினையே உதயகுமரன் உயிரைக் கொண்டது எனினும், அறியாது செய்த கொடுவினை காஞ்சனனையும் விடாது பற்றும் என அது எச்சரிக்கிறது. இறந்தவனின் முன்வினை கொன்றவனின் பொறுப்பைக் கழுவுவதில்லை.

சிலப்பதிகாரத்திலும் இதற்கு ஒப்பான அமைப்பு உண்டு. கோவலன் முற்பிறப்பில் பரதனாகிச் சங்கமனைக் கொல்வித்த செய்தியை மதுராபதித் தெய்வம் உரைப்பது, பாண்டியன் தன் தவற்றை உணர்ந்து உயிர் துறந்து, நகரும் எரியுண்ட பின்னரே ஆகும். வழக்காடு மன்றத்தில் முன்வினை ஒரு வாதமாக வைக்கப்படவில்லை. இவ்வைப்புமுறை நோக்கத்தக்கது.

மறத்தலும் பிறவிப் பயனும்

சைவ சித்தாந்தம் பிறப்பிற்கு முந்தைய நிலையை வேறு வகையில் விளக்குகிறது. பௌத்தம் நிலைத்த உயிர்ப்பொருளை ஏற்பதில்லை. சித்தாந்தமோ உயிரை அநாதி எனக் கொள்ளும். கேவல நிலையில் உயிர் ஆணவத்துள் அழுந்தி அறிவு விளங்காது கிடக்கும். சகல நிலையில் உடலும் கருவியும் உலகும் நுகர்ச்சியும் பெற்று மலம் பக்குவப்படும். சுத்த நிலையில் விடுபடும். ஆகவே உடம்பு எடுத்தல் அருளின் செயலாகிறது. இங்கு முற்பிறப்பை நினைவுகூர்தல் வீடுபேற்றிற்கு இன்றியமையாத நிபந்தனை அன்று. கொள்கையால் மாறுபட்ட இவ்விரு சமயங்களும், பிறவியின் பயனை இனிச் செய்வதில் காணுதலால் ஒன்றுபடுகின்றன.

முடிவுரை

தில்லி வழக்கின் மெய்ம்மை குறித்த கருத்து வேறுபாடு தீரவில்லை. அது தீரினும், பசித்தவன் முன் நிற்போர் செய்ய வேண்டுவது யாது என்பதற்கு அதனால் விடை கிடைக்காது. முன்வினை, துன்பத்திற்குக் காரணம் கூறலாம். துன்பத்தை நீக்கும் கடனிலிருந்து எவரையும் விடுவிப்பதில்லை. வினைக்கோட்பாட்டை முழுமையாக ஏற்ற காப்பியமே இதனை உணர்த்துகிறது என்பதால், அக்கோட்பாட்டைக் காட்டிப் பிறர் துயரைப் புறந்தள்ளுவோர்க்கு மணிமேகலை துணைநில்லாது எனத் துணியலாம்.